காணியை ஈடு வைக்க முன்னர்

கிபிர் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள் நாங்கள். 2009இல் கணவனை இழந்த தாயொருவர் கடந்த மாதம் என்னிடம் வந்தார். "மகள் பிளேன் ஓட்டப் படிக்கப் போறாளாம். காணியை ஈடு வைக்கட்டோ, தங்கச்சி?"

"பொறுங்கோ அக்கா" என்றேன். முதலில் முதலாம் வகுப்பு வைத்தியப் பரிசோதனை. கண், காது, இருதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி அணிவது மட்டும் தடையல்ல. ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இதைத் தொழிலாகச் செய்ய முடியாது. பணம் கட்டிய பிறகு இதை அறிந்து அழுவதில் பயனில்லை.

இரத்மலானையில் பயிற்சிப் பாடசாலைகள் உள்ளன. சர்வதேச விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு ஆகக் குறைந்தது 17 வயதும் பொதுவாக 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். சம்பளத்துக்குப் பறக்கும் வர்த்தக விமானிக்கு 18 வயது, 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியானால் 150. பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனாக 21 வயது, 1500 மணித்தியாலம். ஆங்கிலத் தேர்ச்சியும் கட்டாயம்.

ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. ஆகவே கட்டங்கட்டமாகக் கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுமதிப்பத்திரம் கிடைத்தாலும் வேலைக்குக் காத்திருக்க நேரலாம். அப்போதும் வட்டி ஓடும்.

மகள் பரிசோதனைக்குத் திகதி எடுத்துவிட்டாள். காணி உறுதி இன்னும் தாயின் றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது.