திமொத்தேயுவுக்குத் திருமுகம் எழுதியவர் யார்?

ஞாயிறு திருப்பலியில் இரண்டாம் வாசகத்தை அறிவிக்கும் முறையில் உள்ள ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து கேட்போர் அறிவர். ஒரு வாரம், திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகம் என்று ஒலிக்கும். மற்றொரு வாரம், எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் என்று மட்டும் ஒலிக்கும். எழுதியவர் பெயர் அங்கே இல்லை. 1546இல் திரெந்து பொதுச்சங்கம் மறைநூல்களின் பட்டியலை உறுதி செய்தபோது, எபிரேயர் திருமுகத்தையும் சேர்த்தே புனித பவுலின் (நம் பாட்டன்மார் வாக்கில் சின்னப்பரின்) திருமுகங்கள் பதினான்கு என எண்ணியது. இன்று பெயர் நீங்கிற்று, திருமுகம் நீங்கவில்லை. அதனைத் தாளில் வடித்தவர் யாரெனக் கடவுளே அறிவார் என்னும் கருத்தை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் வெளியிட்டிருந்தார். அதனால் எவருடைய விசுவாசமும் குலைந்துவிடவில்லை.

இதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஓரினச் சேர்க்கையைப் பற்றிக் கிறிஸ்தவர்களிடையே நிகழும் வாதங்களில் 1 திமொத்தேயு 1:10 தவறாமல் எடுத்தாளப்படுகிறது. உடனே ஒரு சாரார், அத்திருமுகம் பவுல் எழுதியதே அன்று, ஆகவே அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்கின்றனர். எதிர்த்தரப்பினரோ, பவுல் எழுதவில்லையென்றால் விவிலியமே பொய்யாகிவிடுமே எனப் பதறுகின்றனர். முன்னது எளிதில் தப்பித்துக்கொள்ளும் வழி. பின்னது தேவையற்ற அச்சம். இரண்டுமே பாரத்தைத் தவறான தூணின்மேல் ஏற்றுகின்றன.

ஐயம் நேற்றுப் பிறந்ததன்று. 1807இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லையர்மாகர் அதனை எழுப்பினார். திமொத்தேயுவுக்கு இரண்டும் தீத்துவுக்கு ஒன்றுமாக உள்ள மூன்று திருமுகங்களையும் ஆராய்ந்த ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர், இடப்பெயர் ஆட்பெயர்களை விடுத்து அவற்றிலுள்ள 848 சொற்களில் 306 சொற்கள் பவுலின் ஏனைய திருமுகங்களில் இல்லை என 1921இல் கணக்கிட்டுக் காட்டினார். சபைக் கண்காணிப்பாளர், திருத்தொண்டர், பதிவுசெய்யப்பட்ட கைம்பெண்கள் என அவற்றில் தெரியும் சபை ஒழுங்கும் பிற்காலத்தது போலத் தோன்றுகிறது. ஆசிரியரின் பெயரால் சீடர் எழுதுவது அக்காலத்தில் அறியப்பட்ட வழக்கமே. பவுலின் எழுத்துரிமையை வலியுறுத்திப் பாப்பிறை விவிலியக் குழு 1913இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் தொடாத இத்தகைய தீர்ப்புகளைப் பொறுத்தவரை அறிஞர்கள் தடையின்றி ஆராயலாம் என்று 1955இல் அக்குழுவின் செயலரே விளக்கினார்.

இரண்டு கத்தோலிக்க அறிஞர்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். அருட்பணியாளர் ரேமண்ட் பிரவுன் இத்திருமுகங்கள் பவுலின் மறைவுக்குப்பின் எழுதப்பட்டிருக்கக்கூடும் எனக் கருதியவர். ஆயினும் பாப்பிறை விவிலியக் குழுவில் இருமுறை உறுப்பினராய் இருந்து, 1998இல் இறக்கும்வரை திருச்சபையின் குருவாகவே வாழ்ந்தார். லூக் திமொத்தி ஜான்சனோ, 2001இல் வெளியிட்ட விரிவுரையில், திமொத்தேயு திருமுகங்கள் பவுலுடையனவே என வாதாடினார். அவரே 2007இல், ஓரினத்தவரின் இணைவைத் திருச்சபை ஏற்கவேண்டும் என்று எழுதினார்! மறைநூலின் வாக்கியங்கள் அதற்கு எதிராகவே உள்ளன என ஒப்புக்கொண்டு, மனிதரின் அனுபவத்தையே அவர் ஆதாரமாகக் காட்டினார். அவர் முடிவைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் எழுதியவர் யார் என்னும் கேள்விக்கு விடை கண்டால் மற்றக் கேள்வியும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இது தக்க மறுப்பன்றோ?

அன்றியும், அவ்வசனத்தை ஒதுக்கியும் பயனில்லை. உரோமையர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9 ஆகியவை பவுலின் எழுத்து என்பதில் அறிஞரிடையே ஐயமில்லை. கொரிந்தியர் பகுதியிலும் திமொத்தேயு பகுதியிலும் வருவது ஒரே கிரேக்கச் சொல். லேவியர் நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பிலுள்ள இரு சொற்களை இணைத்து ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. அச்சொல் எல்லா உறவையும் குறிக்கிறதா, சுரண்டலை மட்டும் குறிக்கிறதா என்பதே ஜான் பாஸ்வெலின் 1980ஆம் ஆண்டு நூலிலிருந்து நடைபெறும் சச்சரவு. சோதோமைப் பொறுத்தவரை, பாப்பிறை விவிலியக் குழுவே 2019இல், அந்நகரத்தின் குற்றம் அந்நியரை மதித்து ஏற்க மறுத்த கொடுமை என விளக்கியுள்ளது. எசேக்கியேல் 16:49ஐப் படித்தவர்க்கு இது புதிதன்று. திமொத்தேயு பட்டியலில் ஆள் கடத்துவோரும் பொய்யரும் பொய்யாணை இடுவோரும் உள்ளனர். அவர்களைக் குறித்து மேடையில் இத்துணை ஆவேசம் எழக் காணோமே!

திருச்சபையின் போதனை ஒற்றை வசனத்தில் நிற்பதன்று. ஆணும் பெண்ணுமாகிய படைப்பு, உயிருக்குத் திறந்த திருமணம், இயற்கைச் சட்டம், தொடர்ந்துவரும் மரபு ஆகியவற்றின் மேல் அது அமைந்துள்ளது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2357ஆம் எண்ணில் ஓரினச் சேர்க்கைச் செயல்களை ஒழுங்குக்கு மாறானவை என்கிறது. 2358ஆம் எண்ணோ, அந்த ஈர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்கவேண்டும், அநீதியான பாகுபாட்டின் சாயலும் கூடாது என்று பணிக்கிறது. சொல்லாலும் செயலாலும் அவர்கள்மீது நிகழும் வன்முறையை 1986ஆம் ஆண்டின் உரோமை மடல் கண்டித்துள்ளது. முதல் எண்ணை உரக்கச் சொல்லி அடுத்த எண்ணை விழுங்கிவிடுவோர் பாதிப் போதனையையே கற்பிக்கின்றனர்.

இவ்வாதங்கள் நடக்கும்போது, தன் உள்ளத்தை எவரிடமும் திறக்காத ஒரு மகனோ மகளோ நம் இல்லத்திலேயே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். தந்தை எந்த வசனத்தைச் சொன்னார் என்பதைக் காட்டிலும் எந்தக் குரலில் சொன்னார் என்பதே அப்பிள்ளையின் நெஞ்சில் தங்கும். அமெரிக்க ஆயர்களின் குடும்ப வாழ்வுக் குழு 1997இல் இத்தகைய பெற்றோருக்கெனவே ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டது. திருச்சபையின் ஒழுக்கப் போதனையில் எதையும் கைவிடாத அம்மடல், பிள்ளையோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள், வீட்டைவிட்டு விலக்காதீர்கள், உங்கள் அன்பு மாறவில்லை என்பதை வாய்திறந்து சொல்லுங்கள், தனியே தவிக்காமல் நல்ல குருவானவரை நாடுங்கள் என்று பெற்றோரிடம் வேண்டிக்கொள்கிறது.