உங்களுக்குத் தெரியுமா? கட்டண அலைவரிசையின் பூட்டைத் திறப்பது டிரைவர் அன்று

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை உள்ளடக்கிய ஊரகப் பகுதிகளில் கேபிள் ஒளிபரப்பை டிஜிட்டலாக்க 2017 மார்ச் 31 கெடுவாக வைக்கப்பட்டது. டிஜிட்டல் முறையில் கட்டண அலைவரிசைகள் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது உரிய மின்சாவி இன்றிப் படமாகாதபடி கலைக்கப்பட்டே அனுப்பப்படுகின்றன. இக்கலைப்பை நீக்குவது கணினியில் தொலைக்காட்சி பார்க்கச் செருகப்படும் டியூனர் அட்டையோ, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளோ அன்று. சந்தா உரிமையைக் காட்டும் ஸ்மார்ட் கார்டை ஏற்கும் ‘கேம்’ என்னும் அணுகல் கட்டுப்பாட்டுத் தொகுதியே ஆகும். 1997ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரமான இ.என். 50221இன்படி, டியூனர் அட்டை பெற்ற தரவோடை இத்தொகுதிக்குள் நுழைந்து, தெளிவடைந்து திரும்புகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் டிரைவர் செயலிக்கும் தொகுதிக்கும் இடையே தூதுவேலை மட்டுமே பார்ப்பதால், எந்த நிகழ்ச்சியைத் திறப்பது என்பதைப் பார்வைச் செயலிதான் தொகுதிக்குச் சொல்லியாக வேண்டும். (டிரைவர் பழுதின்றி நிறுவப்பட்டும் திரை கறுத்தே கிடப்பதற்கு இது ஒரு காரணம்.)

இந்திய நிறுவனங்கள் பூட்டைத் தத்தம் செட்டாப் பாக்ஸுக்குள்ளேயே பொதித்துவிடுவதால் தனித்தொகுதி இங்கு அரிது. பெட்டிகள் நிறுவனம் கடந்து இயங்க வேண்டும் எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய, இன்று டிடி ஃப்ரீ டிஷ் எனப்படும் சேவையின் பூட்டில்லா அலைவரிசைகளுக்கோ, செயற்கைக்கோள் டியூனர் அட்டையும் டிஷ் ஆன்டெனாவும் இருந்தால் எத்தொகுதியும் தேவையில்லை.