ஒரு கிலோ பந்தயக் கார்

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். அணிவகுப்புச் சுற்று முடிந்த கையோடு, மிஷ்லின் டயர் போட்ட 14 கார்களும் போட்டியைவிட்டு விலகின. அங்குள்ள சாய்தள வளைவின் அழுத்தத்தைத் தங்கள் டயர் தாங்குமென்று உறுதி தர முடியாது என நிறுவனமே சொல்லிவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஜோர்டன் காரை ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். எஞ்சினில் குறையில்லாத கார்களையும் அன்று முடக்கிப் போட்டது டயர்.

பந்தயத்தில் டயருக்கு இருக்கும் இந்த முக்கியத்துவத்தை, ஏரல் பக்கத்து நெற்களத்தில் ஒரு ரிமோட் காரை வைத்துக்கொண்டே படித்துவிடலாம். நாம் பார்க்கப்போவது ஃபார்முலா வகை ரிமோட் கார். ஒற்றை இருக்கை, வெளியே தெரியும் நான்கு சக்கரங்கள், முன்னும் பின்னும் இறக்கை என்று நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஜப்பானின் தமியா நிறுவனம் 1977இலேயே டிரெல் பி34 என்ற ஆறு சக்கர ஃபார்முலா காரை ரிமோட் காராகக் கொண்டுவந்தது. இந்த வகைக்கு இன்றும் உலகெங்கும் பந்தயங்கள் நடக்கின்றன.

காரின் மேலுடலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் எளிமைதான். தட்டையான சேஸி, அதன்மேல் பேட்டரி. பின்னால் மோட்டாரும் அச்சும் சேர்ந்து தனிப் பெட்டிபோல இருக்கும். அந்தப் பெட்டியைச் சேஸியோடு இணைப்பது வளைந்துகொடுக்கும் ஒரு மெல்லிய தகடு அல்லது சிறு கம்பிகள். பெட்டி மேலும் கீழும் அசைவதை நடுவில் உள்ள ஷாக் அப்சார்பர் கவனித்துக்கொள்ளும். இடவலமாகச் சாய்வதைப் பக்கவாட்டு ஸ்பிரிங்குகள் தாங்கும். கியர்பாக்ஸ் கிடையாது, மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல வேண்டும் என்பதால் அச்சிலேயே ஒரு டிஃபரன்ஷியலும் உண்டு. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் விரல்நுனி அளவில் ஒரு ஸ்பிரிங்.

நிஜக் காரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கும்போது எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. டயர் தரையைத் தொடும் பரப்பு நூறில் ஒன்றாகும். எடை ஆயிரத்தில் ஒன்றாகும். 2024 விதிப்படி ஃபார்முலா ஒன் காரின் எடை ஓட்டுநரையும் சேர்த்து 798 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று இருந்தது. அதில் ஆயிரத்தில் ஒன்று 798 கிராம். ரிமோட் கார் ஒரு கிலோவை ஒட்டி வருகிறது. அப்படியானால் தரையின் மீது டயர் தரும் அழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. நிஜ டயர்போல 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, இளகி, தரையைப் பிடிக்க இதற்கு வழியில்லை. அதனால்தான் ரிமோட் காருக்கு மிக மென்மையான ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் டயர் போடுகிறார்கள். ஓட்டுவதற்கு முன் ரப்பரை இளக்கும் திரவத்தைப் பூசி, ஊறவிட்டுத் துடைத்துவிட்டு இறக்குவதும் இதற்காகத்தான்.

டயருக்குள்ள மொத்தப் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆக்சிலரேட்டர், பிரேக், திருப்பம் மூன்றும் அதிலிருந்துதான் பங்கு கேட்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணையில் தாமிரபரணித் தண்ணீர் வடகாலுக்கும் தென்காலுக்கும் பிரிவதைப் போல, ஒன்றில் கூடுதலாக விட்டால் மற்றொன்றில் குறைந்தே தீரும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் பின்டயரின் பிடி முழுவதும் முன்னே தள்ளுவதற்கே செலவாகிவிடும். திரும்புவதற்கு மிச்சமில்லாமல் வால் வழுக்கி, கார் சுழன்று நிற்கும். பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகும் இந்த வகையில் கற்றுக்கொள்பவர்கள் முதலில் படும் பாடு இதுதான்.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இந்தப் பிடிமானம், அதாவது கிரிப், எப்படிப் பிரிகிறது என்பதே டியூனிங்கின் மையக் கேள்வி. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு நேராகவே ஓடினால் அண்டர்ஸ்டியர்: முன்டயரில் பிடி போதவில்லை. வால் வெளியே வழுக்கினால் ஓவர்ஸ்டியர்: பின்டயரில் பிடி போதவில்லை. இரண்டையும் சரிசெய்ய ஸ்பிரிங் உதவும். கார் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. ஒரு டயர்மீது எடை இரு மடங்கானால் அதன் பிடி இரு மடங்காவதில்லை. அதற்குக் குறைவாகவே கூடும். எனவே எந்த முனையில் எடை அதிகமாக ஒருபக்கம் சாய்கிறதோ, அந்த முனைக்கு மொத்தத்தில் நஷ்டம். கடினமான ஸ்பிரிங் உள்ள முனைதான் அந்தச் சாய்வில் பெரும்பங்கை ஏற்கிறது. மூக்கு திரும்ப மறுத்தால் முன்ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், அல்லது பின்பக்கத்துப் பக்கவாட்டு ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள். வால் வழுக்கினால் தலைகீழாகச் செய்யுங்கள்.

பின் இறக்கையை நிமிர்த்தினால் வேகமான வளைவில் வால் நிலைக்கும். இத்தனை சின்னக் காரில் இறக்கை வெறும் அழகுக்குத்தானே என்று நினைக்கத் தோன்றும். காற்றின் அழுத்தம் இறக்கையின் பரப்போடும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுவது. பரப்பு நூறில் ஒன்று, எடை ஆயிரத்தில் ஒன்று என்பதால் ரிமோட் காருக்குப் பத்து மடங்கு ஆதாயம் கிடைக்கிறது. நிஜக் கார் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்திலும் இது 50 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடினால், வேகத்தால் வரும் நஷ்டம் 25 மடங்கு. கூட்டிக்கழித்தால், எடையோடு ஒப்பிட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சுகிறது. மெதுவான வளைவில் மட்டும் இறக்கையை நம்ப முடியாது.

எதை மாற்றுவதற்கும் முன்னால் கார் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடிப் பலகைமேல் காரை வையுங்கள். மூக்கின் சரிநடுவில் கத்திமுனையைக் கொடுத்து மெல்ல உயர்த்துங்கள். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் பலகையைவிட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால் சேஸி முறுக்கிக்கொண்டிருக்கிறது அல்லது பின்பக்கத்து ஸ்பிரிங் ஒன்று கூடுதலாக அழுத்துகிறது என்று பொருள். அப்படிப்பட்ட கார் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் ஓடும். எந்த ஸ்பிரிங்கை மாற்றியும் பலன் இருக்காது.

இனிக் களத்துக்கு வருவோம். பிசானப் பருவ அறுப்பு முடிந்து, நெல்லெல்லாம் அள்ளியபின் காலியாகக் கிடக்கும் சிமெண்ட் களம் இதற்குத் தோதான இடம். தூசியும் உமியும் கிரிப்பைக் கெடுக்கும் என்பதால் முதலில் நன்றாகப் பெருக்க வேண்டும். பந்தயத் தளத்தில் சேஸிக்கும் தரைக்கும் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். சொரசொரப்பான களத்தில் அடி தட்டாத அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, 1.5 மீட்டர் ஆரத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கோட்டைவிட்டு விலகாமல் முடிந்த வேகத்தில் 10 சுற்று ஓட்டி நேரம் பாருங்கள். ஒரு சுற்றுக்கான நேரத்தை அதே எண்ணால் பெருக்கி, 6-ஐ அதனால் வகுத்தால் காரின் பக்கவாட்டு கிரிப் கிடைத்துவிடும். 10 சுற்றுக்கு 27 விநாடி ஆனால் 0.82, அதாவது காரின் எடையில் 82 சதவீத அளவுக்குப் பக்கவாட்டு விசையை டயர்கள் தருகின்றன. டயரை மாற்றியபின் 25 விநாடியில் முடிந்தால் 0.96. சுற்றும்போது கார் வெளியே தள்ளிப் போகிறதா, வால் வழுக்குகிறதா என்பதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பெரிய கார்களுக்கும் இதே சோதனைதான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. அதில் ஸ்கிட்பேட் என்றொரு பிரிவு: உள்விட்டம் 15.25 மீட்டர் கொண்ட இரண்டு வட்டங்களை எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும். அந்தத் தளத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சிக்கனமான பந்தயக் காரை உருவாக்கியவர். நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை தொடங்கியதும் அந்தக் காரில்தான். கையில் இருப்பதை வைத்து அளந்து, மாற்றி, மறுபடியும் அளக்கும் பழக்கம் தமிழ்நாட்டுப் பந்தய உலகுக்குப் புதிதல்ல.

புதிதாகக் கார் வாங்குபவர்கள் முதலில் வேகமான மோட்டாரைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டு ஜோடி டயரும், மூன்று வகை ஸ்பிரிங்கும், ஒரு நோட்டும் வாங்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வட்டத்தின் நேரத்தை எழுதிவையுங்கள். நேரம் குறையாவிட்டால் பழைய நிலைக்கே திரும்புங்கள். அந்த நோட்டு நிரம்பும்போது, ரிமோட் கார் மட்டுமல்ல, வளைவில் திரும்பும் எந்த வண்டியும் ஏன் அப்படி ஓடுகிறது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.