கள்ளுக்கடைக் காலமும் பீர் ஆலைச் சுற்றுலாவும்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் டைகர் பீர் ஆலை பல ஆண்டுகளாகப் பார்வையாளர்களுக்குச் சுற்றுலா நடத்தியது. வழிகாட்டி முன்னே நடக்க, பார்லி முளைகட்டுவதும் ஹாப்ஸ் பூ கசப்பேற்றுவதும் ஈஸ்ட் புளிக்க வைப்பதும் ஒவ்வொன்றாக விளக்கப்படும். 1932இல் அந்த பீர் பிறந்த கதை பெருமையோடு சொல்லப்படும். முடிவில் ஆளுக்கொரு கிளாஸ். பெங்களூரின் சிறு மதுவடிப்பகங்களிலும் அதே மரியாதைதான். பானத்தைக் காய்ச்சுகிறவர் அங்கே கைவினைஞர். அவர் சொல்வதைக் கேட்கக் கூட்டம் கூடுகிறது.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து மெங்லெம்பு தாண்டினால் லகாட். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த ஊர். ஈயக் குட்டைகள், சுண்ணாம்புக் குன்றுகள், பேராக் முழுக்கப் பரந்து கிடந்த பால்மரத் தோட்டங்கள். இந்த மண்ணிலும் கள் என்ற உள்ளூர் மது இருந்தது. அதை இறக்கியவர்கள் தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள். அவர்களைத் தேடி வழிகாட்டியோடு ஒருவரும் வந்ததில்லை.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். விரியாத தென்னம்பாளையை நாரால் இறுகக் கட்ட வேண்டும். சிறு கட்டையால் பாளையின் மேல் நாள்தோறும் மெல்லத் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை கெட்டுப்போகும். தட்டாமல் விட்டால் சாறு வராது. பிறகு நுனியைச் சீவி, கொஞ்சங் கொஞ்சமாக வளைத்து, கீழே முட்டியைக் கட்ட வேண்டும். சொட்டத் தொடங்கிய பிறகு காலையும் மாலையும் மரமேறி, மெல்லிய சீவலாகப் பாளையை அரிய வேண்டும். கத்தியின் கூர் மழுங்கினால் அன்றைய சாறு போச்சு. நல்ல மரம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கொடுக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மறுநாள் காடியாகப் புளித்திருக்கும். பீருக்கு அடுப்பு வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கள்ளுக்கு இரண்டும் வேண்டாம். ஆனாலும் போதையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயச் சத்து. இவ்வளவு நுட்பத்தையும் மரமேறியின் கை படிக்காமலே கற்றிருந்தது.

அந்தக் கை இறக்கிய கள் எங்கே போனது? தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் அது உரிமம் பெற்ற கடை. விடியலில் பெரட்டு என்ற பெயர் அழைப்புக்கு நின்று, உச்சி வெயில் வரை பால் வெட்டி, பாலைச் சுமந்து வந்து நிறுத்தவர்கள் மாலையில் அங்கே போனார்கள். தோட்டத்தை விட்டு வெளியே போக வழியில்லாத காலத்தில் பள்ளிக்கூடமும் கோயிலும்போல தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே கடையும் இருந்தது. துரை கொடுத்த கூலியில் ஒரு பங்கு மறுபடியும் கடை வழியே திரும்பியது. இலாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடுகிறோம் என்றார்கள். குடிக்க வைத்த காசில் நலம் பார்ப்பது என்ன நியாயம்? அன்றைய தலைவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த அகில மலாயா தமிழர் மாநாட்டுக்குப் பெரியார் வந்தார். கள்ளை எதிர்த்துத் தம் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் அவர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் நாள் கூலி 50 காசை 60 ஆக்கு என்ற கோரிக்கையோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழி, கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கைகளும் இருந்தன. அந்தப் போராட்டத்தை அடக்க ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போருக்குப் பின், கெடாவின் பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947இல் அது போலீசோடு மோதலாக வளர்ந்தது. கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டன என்பதை நாம் மறக்கக்கூடாது. பசித்தவர்கள் தாங்களே முன்வந்து குடியை எதிர்த்தார்கள், அது மேலிருந்து வந்த உபதேசம் மட்டுமல்ல.

பின்னர் தோட்டங்களே போயின. ரப்பர் விலை சரிந்து செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன; 1985இல் ஈய விலை சரிந்தபோது கிந்தாவின் பெரும்பாலான சுரங்கங்களும் மூடப்பட்டன. லயங்கள் இருந்த இடத்தில் இன்று வீட்டு மனைகள். கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நன்மை முழுதாக வந்ததா? இல்லை. கள் போன இடத்தில் சம்சு என்ற சாராயம் வந்து உட்கார்ந்தது. வரி கூடிய பீர் எட்டாத கைக்கு மலிவான சம்சு எட்டியது. கள்ளைவிடப் பல மடங்கு கடுமையான அந்தச் சாராயம் குடும்பங்களைக் குலைத்ததைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தபோது, அவர்களில் ஏராளமானோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் தாத்தாக்கள் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

மது வாங்கும் குறைந்தபட்ச வயதை 2017 டிசம்பரில் மலேசிய அரசு 18லிருந்து 21க்கு உயர்த்தியது. அதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. கடையை மூடச் சொன்னோம், சரி. கடையோடு சேர்த்து மரமேறியையும் மறந்துவிட்டோம். இலங்கையின் தென்மேற்குக் கரையில், களுத்துறைப் பக்கத்தில், தென்னை மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றின் மேல் நடந்து மரத்துக்கு மரம் தாண்டிக் கள் இறக்குகிறவர்களைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். கேரளத்தில் கள்ளுக்கடை இன்றும் சட்டப்படி நடக்கிறது. அங்கே போய் மீன்குழம்பு சாப்பிடுவதற்கென்றே பயணம் போகிறவர்கள் உண்டு. கோவாவின் முந்திரிப் பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே கிந்தாவில் ஈயத்தின் கதைக்கு இடம் இருக்கிறது: ஈப்போவில் ஈயச் சுரங்கக்காரர்களின் ஹான் சின் பெட் சூ மன்றத்தை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம், தஞ்சோங் துவாலாங்கில் ஐந்தாம் எண் ஈய வாரிக் கப்பலின் மேலேயே ஏறிப் பார்க்கலாம். பால்மரத் தொழிலாளிக்கும் மரமேறிக்கும் அப்படியோர் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை.

கள்ளுக்கடை திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று வேண்டும் என்கிறேன். அதில் பாளைக் கத்தியும் இருக்க வேண்டும், கூலிச் சீட்டும் இருக்க வேண்டும். மறியலில் நின்ற பெண்களின் பேச்சும் அதில் ஒலிக்க வேண்டும்.

மலேசியாவில் தென்னைக்குப் பேர்போன பாகான் டத்தோவும் இதே பேராக்கில்தான் இருக்கிறது. தோட்டக் காலத்தில் மரம் ஏறியவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் பலருக்கு எழுபது, எண்பது வயது. உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு எதிரே உட்காருங்கள். பாளையை எப்படித் தட்டுவீர்கள், கடையில் என்ன நடக்கும், வீட்டில் அம்மா என்ன சொல்வார் என்று கேளுங்கள். இந்த வருடமே கேளுங்கள்.