வர்க்கலா குன்று சரிவது ஏன்? உச்சியில் உள்ள வீடுகளை காப்பாற்ற என்ன வழி?

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலாவில் கடலை ஒட்டி சுவர் போல நிற்கிறது செங்குன்று. சில இடங்களில் சுமார் 80 அடி உயரம். ஆடி அமாவாசை அன்று ஏராளமானோர் திதி கொடுக்கும் பாபநாசம் கடற்கரை இதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது. உச்சியிலோ வீடு, கடை, ஓட்டல் என்று நெருக்கியடித்து கட்டி இருக்கிறார்கள்.

மழைக்காலம் வந்தாலே குன்று அங்கங்கே பெயர்ந்து விழுகிறது. "கடல் அரிக்குது, அதான் விழுது" என்பார்கள். அது பாதிதான் உண்மை. மீதி ஆபத்து மேலே இருந்து வருகிறது.

உள்ளே நடப்பது என்ன?

குன்றின் மேல் அடுக்கு, வெட்டுக்கல் எனப்படும் செம்பாறை. பார்க்க கெட்டியாக இருந்தாலும் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதற்கு கீழே மணற்கல், களிமண், பழுப்பு நிலக்கரி.

செம்பாறையில் இறங்கும் மழைநீர், களிமண்ணை தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வரும். வரும்போது மணலையும் இழுத்துக்கொண்டு வரும். அடியில் பள்ளம் விழுந்தால் மேல்பாறை அந்தரத்தில் தொங்கும். பிறகு ஒரு பெருமழை போதும், பொலபொலவென இறங்கிவிடும். கட்டிடங்களின் பாரமும், கழிவுநீர் குழிகளில் ஊறும் தண்ணீரும் இதற்கு துணை போகின்றன.

முதலில் தண்ணீர், பிறகுதான் சுவர்

எனவே முதல் வேலை தண்ணீரை திருப்புவது. கூரைத்தண்ணீரையும் மழைநீரையும் விளிம்பு பக்கம் விடாமல் வாய்க்கால் வெட்டி கொண்டு போக வேண்டும். கழிவுநீர் குழி விளிம்பு அருகே கூடாது. குன்றுக்குள் தேங்கும் நீரை வடிக்க பக்கவாட்டில் துளையிட்டு குழாய் பதிப்பார்கள். இதை செய்யாமல் சுவர் கட்டினால், உள்ளே தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும்.

அடிவாரத்தில் பாறாங்கல் அடுக்கினால் அலையின் வேகம் குறையும். ஆனால் பக்கத்து கரையில் அரிப்பு கூடலாம். சரிவில் நீண்ட கம்பிகளை இறக்கி, வலை போட்டு பிடிக்கலாம். தென்னை நார் விரிப்பும் வெட்டிவேரும் மேல்மண்ணை காக்கும். ஆழமான சரிவை அவை தடுக்காது.

வெட்டியதால் சர்ச்சை

2024 ஜூனில் பலி மண்டபம் அருகே சரிவு ஏற்பட்டபோது, மாவட்ட நிர்வாக உத்தரவுப்படி குன்றின் ஒரு பகுதி எந்திரத்தால் வெட்டப்பட்டது. பாதுகாக்க வேண்டிய புவியியல் சின்னத்தில் கை வைக்கலாமா என்று இந்திய புவியியல் ஆய்வுத்துறை எதிர்ப்பு தெரிவித்தது. 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேச பட்டியலில் இந்த குன்று சேர்ந்தது.

இதை கண்டால் உஷார்

விளிம்புக்கு இணையாக தரையில் விரிசல், சாயும் மரம், திடீரென கலங்கி வரும் ஊற்று, திறக்க முடியாமல் இறுகும் கதவு. மழை நேரத்தில் இவற்றில் எதை பார்த்தாலும், சாமான் எடுக்க நிற்காமல் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கடற்கரைக்கு வருவோரும் குன்றின் நிழலில் ஒதுங்கி உட்காராமல் இருப்பதே நல்லது.