சொரியாசிஸ் களிம்பை அளந்து தடவுங்கள்

காலியான ட்யூபை மருந்துக்கடை மேசையில் வைத்து, "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகும் சொரியாசிஸ் நோயாளிகள் நம் ஊரில் நிறையப் பேர். மருந்துச் சீட்டு எப்போதோ தொலைந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த களிம்பு இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து, ட்யூபைத் திறக்காமலே அலமாரியில் போட்டுவிடுபவர்களும் உண்டு. இருவருக்குமே நோய் அடங்குவதில்லை. களிம்பு நல்ல மருந்துதான். அதை எவ்வளவு எடுப்பது, எங்கே தடவுவது, எப்போது நிறுத்துவது என்பதை நோயாளிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லாததே குறை.

சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. தொட்டால், ஒரே சோப்பைப் பயன்படுத்தினால், சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. உடலின் எதிர்ப்பாற்றல் தவறான வேகத்தில் வேலை செய்வதால் வருவது. இயல்பாகத் தோல் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் குவிந்து வெள்ளிச் செதில்களாகின்றன. இதை அடக்கி வைக்கலாம், வேரோடு ஒழிக்க முடியாது. "நிரந்தரத் தீர்வு" என்று யாராவது சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலில் தடவி நிவாரணம் கிடைத்ததை அமெரிக்க மருத்துவர்கள் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் 1952-ல் வெளியிட்டார்கள். அதன் வழியில் வந்த இன்றைய களிம்புகள் எல்லாம் ஒரே வீரியம் கொண்டவை அல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. க்ளோபீட்டசால் இருப்பதிலேயே கடுமையான வகை. ட்யூபில் 0.05 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைவிட இது லேசானது என்று நினைத்துவிடக் கூடாது. வெவ்வேறு மருந்துகளுக்கு இடையே சதவீதத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. க்ளோபீட்டசாலுக்குத் தயாரிப்பாளர்களே விதித்திருக்கும் எல்லை, தொடர்ச்சியாக இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போகாமல்.

சரி, அளப்பது எப்படி? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் லாங், ஃபின்லே என்ற இரு மருத்துவர்கள் 1991-ல் ஓர் எளிய வழி சொன்னார்கள். வழக்கமான வாயுள்ள ட்யூபைப் பிதுக்கி, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாக வையுங்கள். அது ஒரு 'விரல்நுனி அளவு', ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். இரண்டு முழங்கைகளிலும் உள்ள படைகளைச் சேர்த்தால் இரண்டு உள்ளங்கை அளவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு வேளை தடவினால் 15 கிராம் ட்யூப் ஒரு மாதம் வரும். அது ஐந்தே நாளில் தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள். மூன்று மாதம் ஓடினால் மருந்து படையை எட்டவே இல்லை. ஒரு கால் முழுவதற்கும் ஆறு, பாதத்துக்கு இரண்டு, முதுகுக்கு ஏழு விரல்நுனி அளவுகள் தேவைப்படும். உடம்பில் பரவலாகப் படை இருப்பவருக்குக் களிம்பு மட்டும் சரிப்படாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அவருக்கு ஒளி சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று மருத்துவர் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

குளித்து ஈரம் ஒற்றிய பிறகு, செதில் ஊறியிருக்கும்போது தடவுவது நல்லது. செதிலைப் பிய்க்கவோ தேய்த்து உரிக்கவோ வேண்டாம். காயம் பட்ட இடத்தில் புதிய படை கிளம்புவது இந்த நோயின் குணம். களிம்பு படையின் மேல் மட்டும் மெல்லியதாகப் படிய வேண்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் போன்றவற்றை அரை மணி நேரம் இடைவெளி விட்டு, தனியாகப் பூசலாம். மருத்துவர் சொல்லாமல் மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றாதீர்கள். மருந்து உள்ளே இறங்குவது பல மடங்கு கூடிவிடும். பாராஃபின் கலந்த பூச்சு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் நிற்பவர்களும் விளக்கேற்றுபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

நிறுத்துவது எப்போது? நம் நிறத்துத் தோலில் பலர் தடுமாறுவது இங்கேதான். தடிப்பும் செதிலும் போன பிறகும் அந்த இடத்தில் கருமையோ வெளிறலோ மாதக்கணக்கில் இருக்கும். அது நோய் அல்ல, நோய் இருந்த தடம். தானாக மங்கும். அந்தத் தடத்தைப் போக்குவதாக நினைத்து ஸ்டீராய்டைத் தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, வரிகள் விழுந்துவிடும். விழுந்த வரி மறைவதில்லை. ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், தடவிப் பாருங்கள்: வழவழப்பாகிவிட்டால் மருத்துவரைக் கேட்டுக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. நெடுநாள் போட்ட கடுமையான களிம்பைத் திடீரென்று விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். தினமும் போட்டதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்தில் இரு நாள் என்று இறக்கிக்கொண்டு வருவது வழக்கம்.

முகம், அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. கடுமையான ஸ்டீராய்டு அங்கே ஆகாது. மருத்துவர் பெரும்பாலும் மென்மையான ஸ்டீராய்டோ, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸோ தருவார். இமைக்கு அருகே ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்த நோய் வரக்கூடும். தலைக்குக் களிம்பைவிட லோஷன் வசதி.

வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் தோலை மெலிய வைக்காது. எலும்பு நோய்க்கு வைட்டமின் டி எடுத்த ஜப்பானிய நோயாளி ஒருவருக்கு சொரியாசிஸும் தணிந்ததை 1985-ல் பதிவு செய்ததிலிருந்து பிறந்த வழி இது. வாரத்துக்கு 100 கிராம்தான் எல்லை, முகத்தில் வேண்டாம், சாலிசிலிக் அமிலத்தோடு கலந்தால் செயலிழந்துவிடும். சொரியாசிஸுக்குத் தரும் இன்னொரு மருந்தான டசரோட்டீன் களிம்பைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

வட்டமாகச் செதில் விடுவதெல்லாம் சொரியாசிஸ் அல்ல. படர்தாமரையும் அப்படித்தான் தெரியும். அதன் மேல் ஸ்டீராய்டு தடவினால் அரிப்பு அடங்கி, தோற்றம் மாறி, பூஞ்சை பரவும். இதற்காகத்தான் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச் அட்டவணையில் ஸ்டீராய்டு களிம்புகள் இருக்கின்றன. 2018-ல் மத்திய அரசு இன்னும் பலவற்றை அதில் சேர்த்தது. விற்பனை நின்றபாடில்லை என்பது வேதனை. சித்த மருத்துவர் தரும் வெட்பாலைத் தைலத்தைப் பூசுபவர்கள் அதைத் தோல் மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. லேபிளே இல்லாமல் 'மூலிகை' என்று விற்கும் களிம்புகள்தான் ஆபத்து. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் வெளிப்பட்டிருக்கிறது.

உடல் முழுவதும் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, சீழ்க் கொப்புளங்கள் கிளம்பினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருந்தால் அதையும் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். தோலில் பூசும் எந்தக் களிம்பும் அதுவரை போய்ச் சேராது.