விரலும் செவியும்

கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்திருந்தான். தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்புக்களின் ஊடே, தமையனின் கையைப் பற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளை; பிறவியிலேயே பார்வை இல்லாதவன். இப்பொழுது கோயமுத்தூரில் கலாசாலை மாணவன். புதிய கம்ப்யூட்டரில் ஒரு செயலியை நிறுவ இயலாமல் இரண்டு தினங்களாய் நான் திண்டாடுவதை அறிந்ததும், "நான் பார்க்கட்டுங்களா, ஸார்?" என்றான்.

விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்துவிட்டது! திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் விண்டோஸிலேயே இருக்கிறதென்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். அதன் துணைகொண்டு, தான் கொணர்ந்திருந்த என்.வி.டி.ஏ. என்னும் வேறொரு திரைவாசிப்பானைத் திறந்தான். சிறியதோர் இசை ஒலித்தது. பின்பு அதுவே பேசி, தன்னை நிறுவிக்கொள்ள வழியும் காட்டிற்று. விலையின்றிக் கிடைக்கும் இச்சாதனத்தை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன். அவருடன் உழைத்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். தமிழையும் அது வாசிக்கும்.

பிறகு என் செயலிக்கு வந்தான். டாப் விசை ஒவ்வோர் இடமாய் முன்னே கொண்டுசெல்லும். ஷிப்டும் டாபும் சேர்ந்தால் பின்னே வரலாம். கட்டத்தில் குறியிட இடைவெளி விசை. பொத்தானை அழுத்த என்டர். 'மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?' என்று விண்டோஸ் வினவியபோது, ஆல்ட், ஒய் விசைகளை அழுத்துமுன் சற்றே நிதானித்தான். "யார் வெளியிட்டதுன்னு முதல்ல கேட்டுக்கோணுமுங்க, ஸார்!"

அடுத்த திரையில், "நிபந்தனைகளை ஏற்கிறேன், குறியிடப்படவில்லை" என்று பொருள்படக் குரல் அறிவித்தது. என் இரண்டு கண்களுக்கும் இரண்டு நாளாய்த் தட்டுப்படாத கட்டம் அதுதான்! இடைவெளி விசையைத் தட்டினான்; தடை நீங்கிற்று.

ஆனால் கடைசித் திரையில் குரல் "பொத்தான், பொத்தான்" என்றதேயன்றி, எதற்குரிய பொத்தான் என்று சொல்லவில்லை. செயலியை எழுதியவர் படத்தை வரைந்துவிட்டு, அதற்குப் பெயர் சூட்ட மறந்துபோனார். "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, ஸார்" என்றான் பையன். அதுவரை எனக்கு ஆசிரியனாயிருந்தவன், அந்தக் கணத்தில் மீண்டும் தமையனின் கையைத் தேடும் பிள்ளையானான்.

அன்றாடம் பயன்படும் மின்னணுச் சாதனங்கள் எல்லோரும் கையாளத்தக்க அமைப்பில் கிடைக்க அரசாங்கம் ஆவன செய்யவேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு பொத்தானுக்குப் பெயரிட அநேகமாக ஒரு வரி போதுமாம். நேயர்களே! நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று செயலி எழுதும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்: தாங்கள் எழுதியதை ஊருக்கு அனுப்புமுன், அந்த மூன்று விசைகளை அழுத்திவிட்டு, கண்களை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.